பலாலி ஓடுபாதையின் எண்பது ஆண்டுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை ஒட்டி, யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே பலாலி விமான நிலையம் அமைந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு முதல் அரசு ஆவணங்களில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என வழங்கப்பட்டாலும், குடாநாட்டு மக்களின் பேச்சில் இன்றளவும் பலாலிதான். இங்கிருந்து கொழும்புக்குத் தரைவழியே செல்ல ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும்; வான்வழியே சென்னை 350 கிலோமீட்டரளவிலும், திருச்சிராப்பள்ளி 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலும் இருக்க, பாக்கு நீரிணையின் எதிர்க்கரையிலுள்ள கோடியக்கரையோ 60 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. தலைநகரைக் காட்டிலும் அண்டை நாட்டின் கரை இத்தனை நெருக்கமாக அமைந்த ஒரு நிலப்பரப்புக்கு வான்வழித் தொடர்பு எத்தகைய தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்நிலையத்தின் எண்பதாண்டு வரலாற்றில் பாதிக்கும் மேற்பட்ட காலம், பயணிகள் இருந்தும் அவர்களைக் கடல் கடந்து ஏற்றிச் செல்ல விமானம் இல்லாத காலமாகவே கழிந்தது. அதற்குக் காரணமானவை தொலைவோ, வானிலையோ, வருமானக் குறைவோ அல்ல என்பதை இந்நிலையத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்கும்போதே உணர முடியும்.

குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த தட்டையான நிலம். மலையோ, வற்றாத ஆறோ இல்லை. பெய்யும் மழை பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி நிலத்தடி நீராகத் தங்கிவிடுகிறது. கிணற்று நீர்ப்பாசனத்தை நம்பிய வேளாண்மைக்கு வாய்ப்பளித்த இதே நில அமைப்பு, மேடு பள்ளம் சமன் செய்யும் பெருஞ்செலவும் நீர் தேங்கும் அச்சமும் இன்றி ஓடுபாதை அமைப்பதற்கும் ஏற்றதாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் சப்பானியக் கடற்படையின் விமானங்கள் முதலில் கொழும்பையும் நான்கு நாள்கள் கழித்துத் திருகோணமலையையும் தாக்கிய பின்னர், வங்காள விரிகுடாவைக் கண்காணிப்பதற்கு இலங்கையின் பல இடங்களில் விமானத் தளங்கள் பிரித்தானியருக்கு இன்றியமையாதனவாயின. அப்போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படை பலாலியில் அமைத்த தளம், அருகிலிருந்த துறைமுகத்தின் பெயரால் காங்கேசன்துறைத் தளம் என அழைக்கப்பட்டது. போரின் பிற்பகுதியில் லிபரேட்டர் என்னும் நான்கு எந்திரங்கள் கொண்ட நீள்தூர விமானங்கள் இங்கே நிறுத்தப்பட்டு, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பணிக்கும் பிற கடற்பணிகளுக்கும் பயன்பட்டன. அத்தகைய கனரக விமானங்களுக்காக அன்று அமைந்த தளத்திலேயே, பலமுறை திருத்தப்பட்டும் மீள்பரப்பப்பட்டும், இன்றைய ஓடுபாதையும் இருக்கிறது.

ஏறத்தாழ 2300 மீட்டர் நீளமுள்ள அந்த ஓடுபாதையின் ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் எண்கள் தீட்டப்பட்டிருக்கும். இவை வரிசை எண்கள் போலத் தோன்றினாலும் உண்மையில் திசையைக் குறிப்பவை: காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும்போது ஓடுபாதை எத்தனை பாகையில் செல்கிறதோ, அதைப் பத்தின் மடங்காக்கிக் கடைசிச் சுழியை நீக்கி எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். எனவே 05 என்பது 50 பாகை, அதாவது வடகிழக்கு. 23 என்பது 230 பாகை, அதாவது தென்மேற்கு. விமானம் எப்போதும் எதிர்க்காற்றை நோக்கியே மேலெழவும் தரையிறங்கவும் விரும்பும், ஏனெனில் இறக்கைகளின் மேல் பாயும் காற்றின் வேகமே அதைத் தாங்குகிறது. எதிர்க்காற்று வலுவாக இருந்தால் குறைந்த தூரம் ஓடியே அது நிலத்தை விட்டு எழுந்துவிடும். குடாநாட்டில் ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்றும் மற்றொரு பாதியில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்றும் வீசுகின்றன என்பது அவ்வூர் மீனவரும் உழவரும் தலைமுறை தலைமுறையாக அறிந்த செய்தி. அவ்விரு பருவக்காற்றுகளின் போக்கிலேயே பலாலியின் ஓடுபாதையும் படுத்திருக்கிறது.

போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் இத்தளம் குடிசார் பணிக்கு வந்தது. இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் பயணச் சேவையை 1947 டிசம்பர் 10ஆம் நாள் நடத்தியபோது, அந்த விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, பின்னர் சென்னையை அடைந்தது. போரில் படைவீரர்களைச் சுமந்து பெயர் பெற்ற டக்ளஸ் டகோட்டா வகையைச் சேர்ந்த அவ்விமானத்துக்குச் சீதாதேவி எனப் பெயரிடப்பட்டிருந்தது. இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரியில். ஆகவே நாடு பிறப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்பே அதன் தேசிய விமான நிறுவனம் பிறந்துவிட்டது என்பதும், அந்நிறுவனத்தின் முதற்பயணத்திலேயே பலாலி இடம்பெற்றது என்பதும் கருதத்தக்கவை. பலாலியைச் சர்வதேச நிலையம் என 2019இல் அறிவித்ததை ஒரு புதுமையாகக் கருதுவோர் பலர்; வரலாற்றின்படி நோக்கினால், நாட்டுக்குள் பறப்பதற்கும் நாடு கடந்து பறப்பதற்கும் அது தொடக்கத்திலிருந்தே பயன்பட்டு வந்த நிலையம்.

அடுத்த முப்பதாண்டுகள் பலாலியின் நிறைவான காலம். கொழும்புக்கு மட்டுமன்றித் திருச்சிக்கும் சென்னைக்கும் இங்கிருந்து சேவைகள் நடந்தன. டகோட்டாக்களுக்குப் பின் ஆவ்ரோ என மக்கள் அழைத்த, இரு சுழல்விசிறிகள் கொண்ட பிரித்தானிய விமானங்கள் அவ்வழிகளில் பறந்தன. அக்காலத்தில் வடக்கிலிருந்து தமிழ்நாடு செல்வோர்க்கு மலிவான வழி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற கப்பலும் அதனுடன் இணைந்த புகைவண்டியுமே. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்த பின்பு அக்கப்பல் இராமேசுவரத்துடன் நின்றுகொண்டது. காலை கப்பலுக்காகக் காத்திருந்து, சுங்கச் சோதனை முடித்து, இரவெல்லாம் புகைவண்டியில் செல்வதற்கு மாறாக, பலாலியில் ஏறியவர் ஒரு மணி நேரத்துக்குள் திருச்சியில் இறங்கலாம். கட்டணம் கொடுக்க முடிந்த வணிகரும், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயின்ற மாணவரும், சிதம்பரம், திருவரங்கம், மதுரை எனத் தலப்பயணம் சென்றவரும் இவ்வழியைப் பயன்படுத்தினர். தமிழ்நாட்டிலிருந்து கச்சேரிகளுக்கும் சொற்பொழிவுகளுக்கும் அழைக்கப்பட்ட கலைஞர்களும் அறிஞர்களும் குடாநாட்டுக்கு வந்து திரும்புவது எளிதாயிற்று.

1978 செப்டம்பர் 7ஆம் நாள், யாழ்ப்பாணத்திலிருந்து இரத்மலானைக்கு வந்து சேர்ந்த ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம், பயணிகள் இறங்கிய பின்னர் குண்டுவெடிப்பில் அழிந்தது. ஏற்கெனவே நிதி நெருக்கடியில் இருந்த அந்நிறுவனம் விரைவில் மூடப்பட, 1979இல் அதன் இடத்தில் தோன்றிய ஏர் லங்கா, கொழும்பின் சர்வதேச விமான நிலையமான கட்டுநாயக்கவை மையமாகக் கொண்டு தொலைநாடுகளுக்குப் பறப்பதையே தன் நோக்கமாக்கிக்கொண்டது. இந்த மாற்றங்களுக்கிடையே பலாலியிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சென்ற விமானங்கள் நின்றன. மீண்டும் ஒரு பயணிகள் விமானம் அக்கடலைக் கடக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1980களில் உள்நாட்டுப் போர் வலுத்தபோது பலாலி முழுமையாகப் படைத்தளமாக மாறியது. தரைவழி துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டில் படையினருக்கு ஆளும் பொருளும் வந்து சேர்ந்த முதன்மையான வழி இந்த ஓடுபாதை என்பதால், அதைக் காப்பதும் அதைத் தாக்குவதும் போரின் போக்கையே முடிவு செய்யும் செயல்களாயின. 1987 ஜூன் 4ஆம் நாள் இந்திய வான்படையின் விமானங்கள் குடாநாட்டின் மேல் உணவுப் பொருள்களை வானிலிருந்து இறக்கின. அடுத்த மாத இறுதியில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே இந்திய அமைதிப்படையின் முதல் அணிகள் வந்திறங்கிய இடம் பலாலி. அப்படை 1990 மார்ச்சில் வெளியேற, ஜூனில் போர் மீண்டும் மூண்டது. 1995 ஏப்ரல் இறுதியில் இலங்கை வான்படையின் இரு ஆவ்ரோ விமானங்கள் அடுத்தடுத்த நாள்களில் குடாநாட்டு வானில் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. பலாலிக்கு வருவதும் அங்கிருந்து புறப்படுவதும் உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்தது.

அந்நிலையிலும் பொதுமக்கள் பறந்தனர் என்பது இந்த வரலாற்றின் மிகத் துயரமான பகுதி. குடாநாட்டின் பெரும்பகுதி 1995, 1996ஆம் ஆண்டுகளில் படையினர் வசமான பின், தனியார் நிறுவனங்கள் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே சிறு விமானங்களை இயக்கின. நோயாளரும் முதியோரும், வெளிநாடு செல்ல விசா நேர்காணலுக்குக் கொழும்பு போக வேண்டிய இளைஞரும், மணமகனைத் தேடிக் கடல் கடக்க வேண்டிய பெண்களும் பாதுகாப்பு அனுமதிக்காகக் காத்திருந்து, பலமுறை சோதிக்கப்பட்டு, அவ்விமானங்களில் ஏறினர். 1998 செப்டம்பர் 29ஆம் நாள் பிற்பகலில் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் அன்டனோவ் 24 வகை விமானம், மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதிலிருந்த 48 பயணிகளும் ஊழியர் எழுவருமாக 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவ்விமானத்தின் சிதைவுகள் கடலடியில் இருக்குமிடம் 14 ஆண்டுகள் கழித்து 2012இல்தான் கண்டறியப்பட்டது. அதுவரை ஒரு பிடி சாம்பலுக்கும் வழியின்றி அக்குடும்பங்கள் ஆண்டுத் திதி கொடுத்து வந்தன. 2006 ஆகஸ்டில் கண்டி வீதி எனப்படும் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டபோதும், குடாநாட்டு மக்களுக்கு வெளியுலகத்துடன் இருந்த தொடர்பு கப்பலும் இந்த ஓடுபாதையும் மட்டுமே.

போரின் விலையை விமானங்களின் கணக்கில் மட்டும் பார்ப்பது போதாது. ஓடுபாதையைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் என்னும் பெயரில், பொதுமக்கள் நுழையக்கூடாத பெரும்பரப்பு வகுக்கப்பட்டது. எதிரியின் எறிகணை எட்டும் தொலைவுக்கு வெளியே அவரை நிறுத்தி வைப்பதே அத்தகைய வலயத்தின் நோக்கம். ஆயுதங்களின் வீச்சு கூடக்கூட வலயமும் விரிந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், பலாலி, மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி, காங்கேசன்துறை முதலிய ஊர்களில் தம் வீடுகளையும் தோட்டங்களையும் கோயில்களையும் பள்ளிகளையும் விட்டுச் சென்றனர். குடாநாட்டின் வளமான செம்மண் நிலங்கள் இவை. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைவித்த தோட்டக்காரர் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கிக் கூலிவேலை செய்ய நேர்ந்தது. வடபகுதியின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றான மயிலிட்டியின் மீனவர் வேறு கரைகளில் பிழைக்க வேண்டியதாயிற்று. 2009இல் போர் முடிந்த பிறகும் வலயம் உடனே கலையவில்லை. காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன, வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் பிரதான வீதி 2025 ஏப்ரலில்தான் கட்டுப்பாடுகளுடன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்னும் தம் காணியைக் காண முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு விமான நிலையத்தைப் பற்றிய கட்டுரையில் இதற்கு இத்தனை இடம் கொடுப்பது தகுமா என்று கேட்பவருக்கு, அந்நிலையத்துக்கான செலவில் பெரும்பங்கை ஏற்றவர்கள் இவர்களே என்பதுதான் மறுமொழி.

2019 ஜூலையில் பலாலியை மீண்டும் சர்வதேசப் பயணத்துக்கு ஆயத்தமாக்கும் பணி தொடங்கியது. இலங்கை அரசின் நிதியுடன் இந்தியாவின் உதவியும் சேர்ந்த அப்பணி சில மாதங்களில் முதற்கட்டத்தை எட்ட, அக்டோபர் 17ஆம் நாள் அன்றைய குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேனவும் தலைமை அமைச்சர் ரணில் விக்கிரமசிங்கவும் நிலையத்தைத் திறந்துவைத்தனர். அன்று சென்னையிலிருந்து அப்போது ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்த அலையன்ஸ் ஏரின் விமானம் ஒன்று வந்திறங்கியது. பயணச்சீட்டு வாங்கிய பொதுமக்களுக்கான சேவை நவம்பரில் தொடங்கியது. கட்டுநாயக்க, மத்தள ஆகியவற்றை அடுத்து இது நாட்டின் மூன்றாவது சர்வதேச விமான நிலையம் எனப்பட்டது.

ஒரு நிலையம் சர்வதேச நிலையமாவதற்குப் பெயர்ப்பலகை மட்டும் போதாது. குடிசார் விமானப் போக்குவரத்துக்கு அடிப்படைச் சட்டமாக 1944இல் சிகாகோவில் உருவான உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டுக்குள் வரும் வெளிநாட்டு விமானம் அந்நாடு குறித்துக் கொடுத்த சுங்க நிலையத்திலேயே இறங்க வேண்டும். அங்கே கடவுச்சீட்டைப் பார்த்து ஆளை அனுமதிக்கும் குடிவரவுத் துறையும், பொருளைப் பார்த்துத் தீர்வை விதிக்கும் சுங்கத் துறையும், நோயும் பூச்சியும் நாட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் தொற்றுத்தடுப்புப் பிரிவும் இருந்தாக வேண்டும். நாளொன்றுக்கு இருநூறு பேர் வந்தாலும் இருபதாயிரம் பேர் வந்தாலும் இம்மூன்று பிரிவுகளும் தேவை; சிறு நிலையங்களின் நடத்துசெலவு தலைக்கு அதிகமாவதன் காரணம் இதுவே. தீயணைப்புக்கும் இதே விதி பொருந்தும். வந்திறங்கும் விமானத்தின் நீளத்தையும் உடலகலத்தையும் கொண்டு நிலையத்தின் தீயணைப்பு வகை முடிவு செய்யப்படுகிறது: ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள ஏடிஆர் 72 விமானத்துக்கு ஐந்தாம் வகை போதும், 37 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏர்பஸ் 320 வரவேண்டுமானால் ஆறாம் வகையாக உயர்த்தி, கூடுதல் வண்டியும் நுரைக்கரைசலும் பயிற்சி பெற்ற ஆள்களும் வைத்திருக்க வேண்டும். பயணி கண்ணில் படாத இத்தகைய தேவைகளே ஒரு நிலையத்தின் உண்மையான அளவைத் தீர்மானிக்கின்றன.

பலாலிக்கு வரும் விமானம் பெரும்பாலும் ஏடிஆர் 72 வகையாக இருப்பதும் இக்காரணங்களால்தான். எழுபது முதல் எழுபத்தெட்டுப் பேர் அமரக்கூடிய அவ்விமானத்தின் எந்திரத்துக்குள் எரிவளிச் சுழலி இருந்தாலும், அதன் ஆற்றல் வெளியிலுள்ள பெரிய விசிறியைச் சுழற்றவே செலவாகிறது. இத்தகைய விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கும்; ஜெட் விமானம் அதைவிட மிக விரைவானது. ஆனால் 350 கிலோமீட்டர் தொலைவுக்கு ஜெட் விமானம் தன் முழு உயரத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருப்பதால், அதன் வேகத்தால் மிஞ்சும் நேரம் சில நிமிடங்களே. செலவாகும் எரிபொருளோ மிக அதிகம். முழுச்சுமையுடன் ஏடிஆரின் எடை 23 டன் அளவு; ஏர்பஸ் 320இன் எடை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். எடை கூடினால் ஓடுபாதையின் நீளமும் தார்த்தளத்தின் உறுதியும் கூட வேண்டும். முதற்கட்டத்தில் பலாலி ஓடுபாதையின் ஒரு பகுதியே முழுத்தரத்தில் சீரமைக்கப்பட்டதால், ஏடிஆருக்கும் கணக்குப் பார்த்தே சுமை ஏற்ற வேண்டியிருந்தது. வெப்பமான நண்பகலில் காற்றின் அடர்த்தி குறைந்து இறக்கைகளின் தாங்குதிறன் தளர்வதால், அதே விமானம் அதே பாதையில் காலையைவிடக் குறைந்த எடையையே தூக்க முடியும். பயணப்பொதிக்கான எடை வரம்பு தொடக்கத்தில் இறுக்கமாக இருந்ததைப் பற்றிப் பயணிகள் குறைப்பட்டுக்கொண்டனர். சென்னையில் பட்டுப்புடவையும் பாத்திரமும் வாங்கி வருவோர்க்கு அது பெருங்குறைதான், ஆயினும் அதன் வேர் ஓடுபாதையில் இருந்தது.

தொடங்கிய சேவைக்கு நான்கு மாதங்களே ஆயுள் கிடைத்தது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் வான்வழிகள் மூடப்பட்டபோது பலாலியும் அடங்கியது. மற்ற நிலையங்கள் மீண்ட பின்னும் இங்கே விமானம் வரவில்லை. இடையே 2022இல் இலங்கையைக் கடும் பொருளாதார நெருக்கடி வாட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னைச் சேவை வாரத்துக்கு நான்கு முறை என்ற அளவில் மீண்டும் தொடங்கி, அடுத்த ஆண்டின் நடுவில் நாள்தோறும் பறக்கும் நிலையை அடைந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து விமானம் விட, 2025 மார்ச் 30 அன்று திருச்சிச் சேவையும் வந்து சேர்ந்தது. இக்காலத்திலேயே, 2023 அக்டோபரில், நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கி, இடைநின்று, 2024 ஆகஸ்டில் மீண்டது. வான்வழியும் கடல்வழியும் ஒரே பகுதியில் ஏறக்குறைய ஒரே காலத்தில் உயிர் பெற்றிருப்பது, இக்கடலின் இரு கரைகளுக்கும் இடையே போய்வரும் தேவை எத்துணை ஆழமானது என்பதற்குச் சான்று.

இவற்றுள் திருச்சிச் சேவையையே மிகவும் பொருள் பொதிந்ததாகக் கருதத் தோன்றுகிறது. சென்னை செல்பவர் அங்கிருந்து உலகின் எந்தப் பகுதிக்கும் விமானம் மாறலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் யாழ்ப்பாணத்தார் கட்டுநாயக்கவில் இறங்கி எட்டு மணி நேரம் வீதியில் வருவதற்கு மாறாகச் சென்னை வழியே நேராகத் தம் ஊர்ப்பக்கம் இறங்க முடிகிறது. திருச்சியோ காவிரிக் கரைக் கோயில்களுக்கும், தஞ்சைக்கும் மதுரைக்கும், தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டுகள் வாழ்ந்து இன்னும் உறவுகளை இரு கரையிலும் வைத்திருக்கும் ஏதிலியர் குடும்பங்களுக்கும் நுழைவாயில். மருத்துவத்துக்காகத் தமிழ்நாடு செல்வோர் தொகையும் சிறிதன்று; நீண்ட வீதிப்பயணத்தைத் தாங்க முடியாத நோயாளிக்கு ஒரு மணி நேர விமானம் என்பது வசதியையும் கடந்த ஒன்று. எதிர்த்திசையில், நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் நயினாதீவு, கீரிமலை நகுலேச்சரம் ஆகிய தலங்களைக் காணவும் தமிழ்நாட்டார் வருகின்றனர்.

நிலையத்தின் முனையக் கட்டடம் சிறியது. நுழைவிலிருந்து விமானம் ஏறும் வாயில்வரை சில நூறு அடிகளே நடக்க வேண்டும். பாலம் போன்ற இணைப்புவழி ஏதுமின்றி, பயணிகள் தரிப்பிடத்தில் நடந்துசென்று விமானத்தின் படிகளில் ஏறுகின்றனர். கட்டுநாயக்கவின் நெரிசலைப் பழகியவர்க்கு இந்த எளிமை நிம்மதி தருவது. அதே வேளை, கடைகளும் உணவகமும் நாணயமாற்றும் ஒரு பெருநிலையத்தில் கிடைப்பன போலக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவர். நிலையத்தின் குடிசார் பகுதியை விமான நிலைய அரச நிறுவனம் நடத்த, அதை ஒட்டியே வான்படைத் தளமும் இயங்குகிறது.

பலாலியின் நிலையைப் புரிந்துகொள்ள நாட்டின் தென்கோடியிலுள்ள மத்தளவை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 2013 மார்ச்சில் சீனக் கடனுதவியுடன் திறக்கப்பட்ட அந்நிலையத்துக்கு 3500 மீட்டர் நீள ஓடுபாதையும், உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானத்தை ஏற்கும் வசதியும் இருந்தன, இல்லாதவர் பயணிகளே. அங்கே விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. பலாலியில் நிலைமை இதற்கு நேர்மாறு: ஓடுபாதை குறுகியது, கட்டடம் சிறியது, வசதிகள் குறைவு, ஆனால் ஏறுவதற்கு ஆள்கள் காத்திருக்கின்றனர். நிலையத்தைக் கட்டிவிட்டுப் பயணியைத் தேடுவதைவிட, பயணி இருக்குமிடத்தில் நிலையத்தைச் செம்மைப்படுத்துவது செலவிலும் சிறியது, பயனிலும் விரைவானது. இந்த எளிய கணக்கு நாட்டின் திட்டமிடுவோருக்கு எட்டாமல் போனதற்கு அரசியலன்றி வேறு காரணம் சொல்வது கடினம்.

இனிச் செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது ஓடுபாதையின் தரத்தை முழு நீளத்துக்கும் உயர்த்துவதும், இரவிலும் மழைமூட்டத்திலும் விமானம் இறங்குவதற்கு வேண்டிய விளக்குகளையும் வழிகாட்டுக் கருவிகளையும் அமைப்பதும் ஆகும். கருவிவழித் தரையிறக்கம் என்பது, ஓடுபாதையின் அருகிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கொண்டு விமானி தன் திசையையும் இறங்குசாய்வையும் அறியும் முறை. அது இல்லாத இடத்தில் மார்கழி மழைக்காலத்துத் தாழ்ந்த மேகம் ஒரு பயணத்தையே திருப்பி அனுப்பிவிடும். அத்தகைய திருப்பத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாக, ஒவ்வொரு விமானமும் மாற்று நிலையம் ஒன்றுவரை செல்லப் போதிய எரிபொருளையும் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை பயணியின் பொதிக்குரிய எடையிலிருந்தே கழிகிறது.

சரக்கு இரண்டாவது. வடபகுதிக் கடலில் பிடிபடும் நண்டும் மீனும் ஏற்றுமதிக்காகக் குளிர்வண்டிகளில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே கட்டுநாயக்கவுக்குக் கொண்டு செல்லப்படுகின்றன. கரைக்கு மிக அருகிலேயே சுங்க அதிகாரமுள்ள ஓர் ஓடுபாதை இருக்க, இப்பொருள்கள் நாடு முழுவதையும் கடந்து சென்ற பிறகே வானேறுகின்றன. சிறிய அளவில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றும், தொற்றுத்தடுப்புச் சான்று வழங்கும் அலுவலகம் ஒன்றும் பலாலியில் அமைந்தால், சென்னைக்குச் செல்லும் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றிலேயே ஓரளவு சரக்கு போகலாம். அதற்குப் பெரிய விமானம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஓடுபாதையை நீட்டுவதைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் காணிக்காரர்களின் அச்சமும் எழுகிறது. போர்க்காலத்தில் அளவையோ இழப்பீடோ இன்றிப் போன நிலம், இப்போது வளர்ச்சியின் பெயரால் நிரந்தரமாகப் போய்விடுமோ என்பதே அது. இந்த அச்சத்தைப் போக்காமல் தொடங்கும் எந்த விரிவாக்கமும், 1990இல் வெளியேறியவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எதிரில் நிறுத்தும். எந்தக் காணி விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கு உண்மையில் தேவை, எந்தக் காணி படையினரின் வசதிக்காக மட்டும் வைத்திருக்கப்படுகிறது என்பதை வரைபடத்துடன் வெளிப்படையாகப் பிரித்துக் காட்டி, முன்னதற்குச் சந்தை விலையில் இழப்பீடு கொடுத்து, பின்னதை உரியவரிடம் ஒப்படைத்தால், ஓடுபாதைக்கு அடுத்த வேலியோரத்தில் வெங்காயம் நடுவதற்கும் தடை இராது, அதன் மேலாக விமானம் இறங்குவதற்கும் தடை இராது.